ஜோசையா பிக்ஃபோர்ட் கூட்டி வந்த மகள்

உலகத்தார் அனைவரும் அறிய வேண்டிய அறிவிப்பு ஒன்று மார்ச் மாதத்தில் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலம் ஹார்ட்வெல் ஊரில் வெளியானது. அதாவது, ஊரின் பழைய இடுகாட்டில் இனிமேல் கண்டவர்களும் வந்து படுத்துக்கொள்ள முடியாது. 1706ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் சிறைபிடிக்கப்பட்டு, கனடாவுக்கு நடத்திச் செல்லப்பட்டு, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் தந்தையால் மீட்கப்பட்ட வெயிட்ஸ்டில் பிக்ஃபோர்ட் என்னும் சிறுமியின் ரத்த வழியில் வந்தவர்கள், அப்படி வந்ததைத் தலைமுறை தவறாமல் மூல ஆவணங்களால் நிரூபித்தவர்கள், நிரூபித்தவர்களை மணந்துகொண்டவர்கள் ஆகியோர் மட்டுமே அங்கே இறுதி நாள் வரை ஓய்வெடுக்கத் தகுதி உடையவர்கள். இந்த அறிவிப்பு நகர மன்றக் கதவில், காணாமல் போன பூனை ஒன்றைப் பற்றிய துண்டுத்தாளுக்கும் தேவாலயத்து பீன்ஸ் விருந்து விளம்பரத்துக்கும் நடுவில் ஒட்டப்பட்டது. பூனை ஏப்ரலில் கிடைத்துவிட்டது. அறிவிப்பு அப்படியே இருந்தது.

எழுதியவர் வெண்டல் கிம்பல். வயது அறுபத்தொன்று. மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஊரார் வேலித் தகராறுகளுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வெயிட்ஸ்டில் பிக்ஃபோர்ட் வழித்தோன்றல்கள் சங்கத்தின் வம்சாவளிக் காப்பாளர். சங்கத்தில் அறுபத்து நான்கு பேர். அதில் நாற்பது பேர் வருடாந்திர விருந்தில் போடும் பன்றித் தொடைக்காக முன்னோர்களை மதிப்பவர்கள். மிச்சம் பேர் வெண்டலுக்குப் பயந்தவர்கள். யாராவது தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றி ஆசையாக வாய் திறந்தால் போதும், மூக்குக் கண்ணாடியை இறக்கி, "காகிதம் இருக்கா?" என்பார். கொள்ளுப்பாட்டி அதோடு வாய்க்குள்ளேயே போய்விடுவாள்.

வெயிட்ஸ்டிலின் கதை ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பிப்ரவரி விடியலில் பிரெஞ்சுச் சிப்பாய்களும் அபெனாகிப் பூர்வகுடி வீரர்களும் வந்தார்கள். ஜோசையா பிக்ஃபோர்ட் மாவரைக்கும் ஆலையில் இருந்தார். மனைவி மெர்சி நிலவறையில் இருந்தாள். மேலே இருந்தது இரண்டு பிள்ளைகள். எட்டு வயது எபனேசர் வழியிலேயே பனியில் விழுந்து செத்துப்போனான். ஐந்து வயது வெயிட்ஸ்டில் கனடா போய்ச் சேர்ந்தாள். ஒன்பது வருடம் கழித்து ஜோசையா போய்ப் பதினாலு வயதுப் பெண்ணைக் கூட்டி வந்தார். அவள் ஒரு கிம்பலைக் கட்டிக்கொண்டு ஒன்பது பெற்றாள். ஊரில் பாதி அவள் வயிற்று வழி. 1884இல் ஒரு போதகர் எழுதிய குடும்ப வரலாற்றில், 'மகள் தாயைக் கண்டதும் உணர்ச்சிப் பெருக்கால் நாவடைத்து, இரண்டாண்டுகள் ஒரு சொல்லும் பேசினாளில்லை' என்று வருகிறது. ஒவ்வொரு விருந்திலும் இந்த வரியை வெண்டல் நின்றுகொண்டு படிப்பார். அப்போது கரண்டிச் சத்தம் கேட்கக் கூடாது. கிம்பல்களுக்கெல்லாம் அவள் மூக்குதான் என்று ஒரு பேச்சு உண்டு. அவள் மூக்கைப் பார்த்தவர் எவருமில்லை.

புதிய விதிகள் நான்கு. முதல் மூன்றும் பல் மருத்துவர் பிரெஸ்காட் கேலை வெளியே நிறுத்துவதற்காக எழுதப்பட்டவை. கேல் பெரிய காரும் பெரிய குரலும் உள்ளவர். விருந்தில் தலைமேசையில் உட்கார ஆசைப்பட்டார். அவருடைய தாய்வழியில் 1791இல் ஒரு திருமணத்துக்குக் காகிதம் இல்லை. அது வெண்டலுக்கு மட்டும் தெரியும். நான்காவது விதியை வெண்டல் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. பத்தி கம்பீரமாக முடியவேண்டுமே என்று எழுதினார்: 'சிறைப்பட்டவரின் மீட்பு, நம் தரப்பு ஆவணத்தால் மட்டுமன்றிக் கனடாத் தரப்பு ஆவணத்தாலும் நிரூபிக்கப்படல் வேண்டும். அதுவரை முன்பு வழங்கப்பட்ட சான்றிதழ்கள் செல்லாது.' ஒரு கடிதம் போட்டால் வந்துவிடப்போகிற காகிதம்தானே என்று நினைத்தார். அந்தக் கடிதத்தைப் போட மறந்தும் போனார்.

ஏப்ரலில் கேலின் தாயார் அடிலேட் இறந்தார். அவர் கணவர் புதிய விதிகள் வருவதற்கு முன்பே பழைய இடுகாட்டில் அடக்கமானவர். விதிப்படி அடிலேட் அங்கே போக முடியவில்லை.

ஜூனில் நோயெல்லாவின் கண் மஞ்சளானது.

நோயெல்லா வெண்டலின் மனைவி. ஆற்றங்கரைத் துணி ஆலையில் தறி ஓட்டிய பிரெஞ்சுக் கனடாக் குடும்பத்துப் பெண். திருமணத்தின்போது வெண்டலின் அம்மா, "நம்ம பிள்ளைங்களை அவங்க கனடாவுக்கு இழுத்துட்டுப் போனது போதாதா? இப்ப நீயா ஒருத்தியை இங்க இழுத்துட்டு வரணுமா?" என்று கேட்டது முப்பத்தாறு வருடமாக அந்த வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு. நோயெல்லாதான் அதைச் சொல்லிச் சிரிப்பாள். கணையத்தில் இருப்பது என்ன என்று மருத்துவர் சொன்ன அன்றும், வீட்டுக்கு வரும் வழியில், "உங்கம்மா இருந்தா, கனடாச் சரக்கு இவ்வளவு நாள்தான் உழைக்கும்னு சொல்லியிருப்பாங்க," என்றாள். பனி விழும் காலம் வரை என்று மருத்துவர் கணக்குச் சொல்லியிருந்தார்.

அன்று மாலை சமையலறையில் உட்கார்ந்து இஞ்சி சோடாவைச் சின்னச் சின்ன மடக்காகக் குடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"லூக் பக்கத்துல. வேற ஒண்ணும் வேணாம்."

"ஏற்பாடு பண்றேன்."

"எரிக்கக் கூடாது."

"சரி."

"சாம்பலாப் போய் நின்னா அவனுக்கு அம்மான்னு எப்படித் தெரியும்? ஒம்பது வயசுல பார்த்த முகம். இப்பவே தலை நரைச்சு எலும்பும் தோலுமா இருக்கேன். இதுக்கு மேல பிள்ளையைக் குழப்பாதே."

லூக் அவர்களுடைய ஒரே மகன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம், குளத்துப் பனிப்பாளம் உடைந்து உள்ளே போனவன். அப்போதெல்லாம் யாரும் காகிதம் கேட்கவில்லை. கிம்பல் என்றால் கிம்பல் வரிசை, அவ்வளவுதான். வெண்டல் தலையாட்டினார். வெளியே யாரோ புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பாமல் இருமியது.

"உன் நோட்டீஸைப் படிச்சேன்," என்றாள் நோயெல்லா. "அந்தச் சட்டப்படி நான் உள்ள வரலாமா?"

"நீ என் மனைவி. வரலாம்."

"நான் உன் மனைவி. சரி. நீ யாரு? காகிதம் இருக்கா?"

அவள் கிண்டலுக்குத்தான் கேட்டாள். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான்காவது விதி அப்போதுதான், எழுதிய மூன்று மாதம் கழித்து, எழுதியவருக்குப் புரிந்தது.

மறுநாள் முதல் கனடாவுக்குக் கடிதங்கள் பறந்தன. ஆவணக் காப்பகங்கள், பங்கு ஆலயங்கள், கன்னிமாடங்கள், கவர்னர் அலுவலகத்துப் பழைய குறிப்பேடுகள். வெண்டல் இதற்கு முன்பும் ஆயிரம் கடிதம் எழுதியவர்தான். ஆனால் அவை எல்லாம் 'தங்கள் பணிவுள்ள' என்று முடிந்து ஆறு மாதம் பதிலுக்குக் காத்திருக்கும் கடிதங்கள். இந்தத் தடவை கடிதம் போட்ட மறுநாளே தொலைபேசியில் கூப்பிட்டார். கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பேசினார். அந்தப் பக்கத்தில் இருந்த பெண்கள் மரியாதையாகப் பொறுத்துக்கொண்டார்கள்; கோடை விடுமுறை என்றார்கள்; படிவம் அனுப்பச் சொன்னார்கள். ஜூலை முழுக்க இப்படிப் போனது. நோயெல்லா சட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டாள். பிறகு தைப்பதை நிறுத்திவிட்டாள். அவர் கணிப்பொறி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அடுத்த அறையில் அவள் இருமினால், எழுந்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட வரியைக் கண்டுபிடிக்க முடியாமல் மறுபடி பக்கத்தின் தலையிலிருந்து தொடங்குவார். ஊரையே காகிதத்தில் நிறுத்தி வைத்திருந்த மனிதருக்கு, தன் மனைவிக்கு ஆறடி மண்ணைக் காகிதத்தில் வாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் மத்தியில், கன்னிமாடம் ஒன்றின் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தன்னார்வலரிடமிருந்து படங்கள் வந்தன. அருகிலிருந்த அபெனாகி கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் நாட்குறிப்பில் இரண்டு பக்கம். பங்குப் பதிவேட்டில் ஓர் அடக்கக் குறிப்பு. பிக்ஃபோர்ட் என்ற பெயர் இரண்டிலும் வெண்டலின் கண்ணுக்கே தெரிந்தது. மற்றதெல்லாம் பிரெஞ்சு. அவர் ஆளுயரத்துக்குத் துள்ளாத குறைதான். அச்செடுத்து, பூதக்கண்ணாடியோடு, படுக்கைக்கு ஓடினார்.

நோயெல்லா தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்தாள். சிறு வயதில் அந்த மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவள்.

"இந்தப் பாதிரி கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு... இரு. 'ஆளுநரின் அனுமதிச் சீட்டோடு ஹார்ட்வெல் ஊர் ஆங்கிலேயன், பிக்ஃபோர்ட்னு ஒருத்தன் வந்தான். மகளைக் கேட்டான்.'"

"ஜோசையா! அவர்தான்! மேல படி."

"'மகள் வரமாட்டேன்னு சொல்லி, வளர்த்த தாயோட போய்ச் சோளக்கொல்லைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா. அந்த ஆள் மூணு நாள் கொல்லை ஓரத்துல உக்காந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான். அந்தப் பேருக்கு யாரும் வரல.'"

"அங்க வளர்ந்த பிள்ளைங்க எல்லாரும் முதல்ல வரமாட்டேன்னுதான் சொல்லியிருக்காங்க. பயம். அப்புறம் வந்திருப்பா."

நோயெல்லா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வரிகளை முதலில் தனக்குள் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'நாலாம் நாள் கன்னிமாடத்துக்குப் போனான். அங்க யாரும் தேடி வராத ஆங்கிலப் பொண்ணு ஒண்ணு, முற்றம் பெருக்கிக்கிட்டு இருந்தது. கைக்குழந்தையா வந்தது. எந்த ஊரு, யார் பிள்ளைன்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வயசு ஒத்துப்போச்சு. இதைக் கூட்டிட்டுப் போறேன்னான். இது உன் மகள் இல்லையேன்னு நான் கேட்டேன். வீட்டுல இவ அம்மா கதவைப் பார்த்துட்டு நிக்கறான்னு சொன்னான்.'"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடக்கக் குறிப்பு 1768. ஹார்ட்வெல் ஊர் ஜோசையா பிக்ஃபோர்டுக்கும் மெர்சிக்கும் பிறந்து, சிறுபிராயத்தில் சிறைபிடிக்கப்பட்டு, இங்கேயே மணம் முடித்து, பதினொரு பிள்ளைகளைப் பெற்ற மரி-ஜோசஃப், வயது ஏறக்குறைய அறுபத்தேழு.

வெண்டல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தலைக்குள் போதகரின் வரி ஓடியது. இரண்டாண்டுகள் ஒரு சொல்லும் பேசினாளில்லை. உணர்ச்சிப் பெருக்கு! அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரிந்திருக்காது. முன்பின் பார்க்காத ஒருத்தி வாசலில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு, இன்னொருத்தி பெயரைச் சொல்லி அழுதிருக்கிறாள். இவள் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருக்கிறாள். மெர்சிக்குத் தெரிந்ததா? குளிப்பாட்டும்போது ஒரு மச்சம்கூடவா தேடியிருக்கமாட்டாள்? தேடியிருந்தால், அன்றிரவு அடுப்பைப் பார்த்துக்கொண்டு புருஷனிடம் என்ன பேசினாள்? இதற்கெல்லாம் காகிதம் கிடையாது. முப்பது முறை எழுந்து நின்று அந்த வரியைப் படித்து, கரண்டிச் சத்தத்தை அடக்கியவர் அவர்.

நோயெல்லா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "முற்றம் பெருக்கிக்கிட்டு இருந்திருக்கு பாவம்," என்றாள். "எல்லாப் பிள்ளைக்கும் ஆள் வரும், இதுக்கு மட்டும் வராது. திடீர்னு ஒருத்தன் வந்து வாம்மான்னா, யாரு என்னன்னா கேக்கும்?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள். சிரித்தால் வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்தப் பதினொண்ணுல ஒண்ணு எங்க பாட்டிக்குப் பாட்டியா இருந்தா? நான்தான் பிக்ஃபோர்ட், நீதான் வந்தேறின்னு ஆயிடும்."

"தேடிப் பார்க்கட்டுமா?" அவர் குரலில் இருந்த ஆசை அவருக்கே அசிங்கமாக இருந்தது.

"நீ தேடி முடிக்கறதுக்குள்ள நான் போயிடுவேன், வெண்டல்." தாள்களை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "எத்தனை பேரைக் காகிதம் இல்லேன்னு திருப்பி அனுப்பினே. இப்போ காகிதம் இருக்கு. இல்லேன்னு சொல்லிடு."

"என்னால..."

"எனக்காகச் சொல்லு. அவன் பக்கத்துல போகணும். நீங்க யாரு பெத்த பிள்ளைங்கங்கறது எனக்கு எதுக்கு? நான் பெத்தது அங்க கிடக்கு."

இடுகாட்டுச் சான்றிதழில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று சங்கத்து வம்சாவளிக் காப்பாளருடையது. இன்னொன்று நகர இடுகாட்டு அறங்காவலர் குழுத் தலைவருடையது. பழைய தலைவர் ஃப்ளோரிடாவில் குடியேறிவிட்டதால், வேறு யாரும் கையைத் தூக்காத ஒரு கூட்டத்தில், மே மாதம் அந்தப் பதவியில் வந்து உட்கார்ந்தவர் பிரெஸ்காட் கேல். வெண்டல் அவரைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று நான்கு முறை தொலைபேசினார். நான்காவது முறை வரவேற்புப் பெண், "செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு ஒரு இடம் இருக்கு. பல் சுத்தம் பண்றதுக்கு," என்றாள்.

ஆக, மனைவியின் கடைசி ஆசைக்காக வெண்டல் கிம்பல் மல்லாந்து படுத்தபடி மன்றாட வேண்டியதாயிற்று. மார்பில் காகிதத் துண்டு. முகத்துக்கு நேரே விளக்கு. வாயோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். கேல் முகமூடிக்கு மேலே பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். அவர் கண்கள் தட்டளவு இருந்தன.

"வாயைத் திறங்க. சுத்தம் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ரெண்டு."

"உங்க ரெக்கார்டெல்லாம் பக்காவா இருக்கும்னு நெனச்சேன் கிம்பல்."

கொக்கி ஈறுக்குள் இறங்கியது. வெண்டல் எழும்பினார்.

"நோயெல்லாவுக்கு..."

"அசையாதீங்க, கிழிஞ்சுடும். கேள்விப்பட்டேன். நல்ல மனுஷி. எங்கம்மா படுத்திருந்தப்ப ஆப்பிள் பை செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க. நீங்க வரல."

"டாக்டர், சான்றிதழுக்கு ஒரு காகிதம் குறையுது."

"என்ன காகிதம்?"

"கனடாக் காகிதம்."

"ஓ. நாலாவது விதி." கேல் கொக்கியைத் தட்டில் வைத்தார். "எங்கம்மாவுக்கும் ஒரு காகிதம் குறைஞ்சுது. சர்ச் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு, ஏடெல்லாம் போச்சு. 1798ல. அந்தத் தீயை எங்கம்மாவா வெச்சாங்க?"

"இல்ல."

"அப்பா அங்க இருக்கார். அம்மா ஹைவே ஓரம், டயர் கடைக்குப் பின்னால. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூ வெக்கப் போறேன். காத்தடிக்கற மெஷின் சத்தத்துல ஒரு ஜெபம் சொல்ல முடியல. அறுபது வருஷம் ஒண்ணா இருந்தவங்க கிம்பல் அவங்க."

மல்லாந்து படுத்திருப்பவன் முகத்தில் வருத்தம் சரியாக உட்காராது. வெண்டல் முயன்றார். வழியெல்லாம் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார்: கனடாவிலிருந்து ஆவணம் வந்துகொண்டே இருக்கிறது, தபாலில் தாமதம். நல்ல பொய். கடைசி நேரத்தில் அது வாயில் வரவில்லை. வாயில் குழாய் இருந்தது. குழாயைப் பிடுங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நோயெல்லா தன் கையால் மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினார்.

கேல் நின்றபடி படித்தார். பிறகு சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து மறுபடி படித்தார். பிடுங்கிய குழாய் மார்புத் துண்டின் மேல் கிடந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"இந்தப் பொண்ணு பேரு என்ன?"

"எழுதல."

"அப்போ நாமெல்லாம் யாரு?"

முப்பது வருடமாக ஊரில் எல்லோருக்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லி வந்த மனிதர், ஈறில் ரத்தத்தோடு, கூரையைப் பார்த்தார்.

"தெரியல."

கேல் முகமூடியை இறக்கினார். கீழே இருந்த முகம் வெண்டல் நினைத்திருந்ததைவிட வயதானது.

"விருந்துல இதைப் படிக்கப் போறீங்களா?"

"மாட்டேன்."

"எங்கம்மாவைக் கொண்டு வரணும். அப்பா வரிசைல இல்லாட்டியும் பரவால்ல. அந்த மதிலுக்குள்ள இருந்தாப் போதும்."

"கையெழுத்துப் போடறேன்."

"காகிதம் இல்லாம?"

"காகிதம் இல்லாம."

வெண்டலுக்கு ஒன்று, அடிலேட்டுக்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழ்களையும் இருவரும் அங்கேயே, கருவித் தட்டின் மேல் வைத்து, ஏதோ பற்பசைக் கம்பெனி இனாமாகக் கொடுத்த பேனாவால் கையெழுத்திட்டார்கள். பிக்ஃபோர்ட் ரத்தம் என்று இரண்டிலும் இருந்தது. முப்பது வருடமாக ஊரில் யாருக்கும் ஒரு தேதியைக்கூட விட்டுக்கொடுக்காதவர், பத்து நிமிடத்தில் இரண்டு பொய்க்கு முத்திரை குத்தினார். அவமானமாக இருக்கும் என்று நினைத்தார். இல்லை. வாசலுக்கு வந்ததும், நிறுத்தியிருந்த யாருடைய காரின்மீதோ சாய்ந்து நின்றார். இடம் கிடைத்துவிட்டது. அதைத் தவிர மனதில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் கடைசியில், இலை எல்லாம் விழுந்த பிறகு, இடத்தைக் குறிக்க மெர்ல் வந்தார். மெர்ல் நகராட்சியின் குழிவெட்டி. வெண்டலோடு ஒரே வகுப்பில் படித்தவர். நோயெல்லா தானும் பார்க்கவேண்டும் என்றாள். அவளைக் கம்பளியில் சுற்றி, காருக்குள் சூடு போட்டு, மதிலோரம் நிறுத்தியிருந்தார் வெண்டல். அங்கிருந்து லூக்கின் கல் தெரியும். அவள் காலையில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் அன்றுதான் முதல் தடவையாக அரைக் கிண்ணம் சூப் குடித்தாள்.

வெண்டல் பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழை நீட்டினார்.

"என்ன இது?" என்றார் மெர்ல்.

"அனுமதி. ரெண்டு கையெழுத்தும் இருக்கு."

"எனக்கு எதுக்கு? வண்டில வை, காத்துல பறந்துடப் போகுது."

மெர்ல் தோளுயர இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, லூக்கின் கல்லுக்கு வலது பக்கம் ஊன்றி, குறுக்குப் பிடியில் உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தினார். கம்பி கொஞ்சம் இறங்கி, 'டக்' என்று நின்றது. ஒரு சாண் தள்ளி ஊன்றினார். டக். கால்மாட்டில். டக். இடது பக்கம் போனார். வெண்டல் பின்னாலேயே போனார், நாய்க்குட்டி போல.

"சின்னக் கல்லா இருக்கும். ஊருல எங்க தோண்டினாலும் கல்லுதானே."

மெர்ல் இன்னும் நான்கு இடத்தில் குத்தினார். பிறகு கம்பியில் பெருவிரலை வைத்து அளந்து காட்டினார்.

"பாறை வெண்டல். ஒரே பாறை. மதில் வரைக்கும் போகுது."

"லூக்கைப் புதைச்சியே?"

"அவன் பெட்டி நாலரை அடிதானே. பாறைல தொட்டி மாதிரி ஒரு பள்ளம் இருந்துச்சு, கச்சிதமா உக்காந்துச்சு. இந்த வரிசைல இனிமே பெரிய ஆளை இறக்க முடியாதுன்னு உங்கப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேன். உன்கிட்ட சொல்லல. நீ கேக்கற நிலைமைல இல்ல."

"வெடி வெச்சு எடுக்கலாமே? நகராட்சில ரோட்டுக்கு வெக்கறாங்களே, கொஞ்சமா..."

மெர்ல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பக்கத்துல பையன் படுத்திருக்கான் வெண்டல்."

காற்று மேப்பிள் இலைகளைக் கல்லுக்குக் கல் தள்ளிக்கொண்டு போனது. மெர்ல் மதிலின் மறுகோடியைக் கையால் காட்டினார். கேல் அம்மாவுக்குக் குச்சி நட்டு நாடா கட்டியிருந்த இடம். அங்கே மண் நன்றாக இருக்கிறது, அந்த அம்மா பக்கத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் தேறும், என்றார். அங்கிருந்து லூக்கின் கல் தெரியுமா என்று வெண்டல் கேட்டார். கேட்ட பிறகு, என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது. மெர்ல் கம்பி நுனியிலிருந்த மண்ணைக் காலணியில் தட்டினார்.

காருக்குள் நோயெல்லா கண்ணாடியில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைத்தாள். அவர்கள் பேச்சு நின்றதைப் பார்த்திருப்பாள். ஒரு விரலை உயர்த்தி வலது பக்கம் காட்டினாள், பிறகு இடது பக்கம் காட்டினாள், எந்தப் பக்கம் என்று புருவத்தைத் தூக்கினாள். வெண்டல் கையைத் தூக்கினார். எந்தப் பக்கமும் நீட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியை இறக்கத் தொடங்கினாள்.

லூக்கின் இரண்டு பக்கமும் ஒன்றேகால் அடியில் பாறை.